முதல் உயிர்களுக்குச் சான்று எது?

பூமி தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பாறையில் பதிந்து கல்லாகிப்போன உயிர் எச்சங்களைப் புதைபடிவங்கள் என்பர். எலும்பும் ஓடும் கொண்ட விலங்குகளின் புதைபடிவங்கள் பெருமளவில் கிடைக்கத் தொடங்கும் கேம்பிரியன் காலம் தொடங்கியது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இடைப்பட்ட 400 கோடி ஆண்டுகளில், அதாவது பூமியின் வரலாற்றில் எட்டில் ஏழு பங்குக்கும் சற்றே மேலான காலத்தில், இங்கு உயிர் இருந்ததா, இருந்திருந்தால் அது எத்தகையது என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டின் அறிவியலிடம் விடை இல்லை. 1859இல் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலை வெளியிட்ட சார்லஸ் டார்வின், அன்று அறியப்பட்டிருந்த மிகப் பழைய புதைபடிவ அடுக்குகளுக்குக் கீழே எதுவும் கிடைக்காமல் இருப்பது தம் கோட்பாட்டுக்கு எதிராக எழுப்பத்தக்க வலுவான ஆட்சேபம் என்று தாமே அந்நூலில் ஒப்புக்கொண்டார்.

கேம்பிரியனுக்கு முன்பும் கடல்களில் உயிர் இருந்தது என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். ஆனால் அக்கால உயிர்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே உயிரணுவால் ஆன, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் நூறில் ஒரு பங்கு வரை அளவுள்ள நுண்ணுயிர்கள். எலும்போ ஓடோ இல்லாத இவை இறந்தவுடன் சிதைந்துவிடுவதால் இவற்றின் உடல்கள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், உருண்டையாகவோ இழையாகவோ இருக்கும் அந்த எளிய வடிவத்தைத் தாதுப் படிகங்களிலிருந்து பிரித்தறிவது கடினம். எனவே முதல் உயிர்களைப் பற்றிய ஆய்வு, உடல்களைத் தேடுவதோடு நில்லாமல், அவ்வுயிர்கள் செய்த வினைகளின் விளைவைத் தேடும் ஆய்வாக வளர்ந்தது. அவை கட்டியெழுப்பிய வண்டல் அடுக்குகளும், மாற்றியமைத்த வேதியியல் விகிதங்களும், வெளியேற்றிய வாயுக்களும் அதற்குப் பொருளாயின. இவை ஒவ்வொன்றையும் உயிரற்ற இயற்கையும் ஏதேனும் ஒரு வழியில் உண்டாக்கக்கூடும் என்பதே இத்துறையைத் தொடக்கம் முதல் தொடரும் சிக்கல். இன்று முதல் உயிர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிவன எல்லாம் அந்தச் சிக்கலோடு நடந்த நீண்ட வாதங்களில் தேறி நின்றவையே.

கன்ஃபிளின்ட் பாறையில் கிடைத்த விடை

டார்வினின் ஆட்சேபத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்தே உறுதியான மறுமொழி கிடைத்தது. கனடாவில் சுப்பீரியர் ஏரியின் வடகரைப் பகுதியில் உள்ள கன்ஃபிளின்ட் என்னும் பாறைத் தொகுதியில் இரும்புத் தாதுக்களை ஆய்ந்துகொண்டிருந்த ஸ்டான்லி டைலர் என்ற புவியியலாளர், அங்கிருந்த செர்ட் பாறைகளில் விந்தையான நுண்ணிய வடிவங்களைக் கண்டார். செர்ட் என்பது மிக நுண்ணிய சிலிக்கா படிகங்களால் ஆன கெட்டியான பாறை. சிலிக்கா கரைந்த நீர் இறுகும்போது அதில் சிக்கிய நுண்ணுயிர்கள் நசுங்காமல், சில வேளைகளில் உயிரணுச் சுவரின் வடிவம் கூடக் குலையாமல் நிலைத்துவிடுகின்றன. அப்பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தொல்தாவரவியலாளர் எல்சோ பார்கூர்னுடன் சேர்ந்து நுண்ணோக்கியில் ஆய்ந்த டைலர், அந்த இழைகளும் உருண்டைகளும் நுண்ணுயிர்களே என 1954இல் அறிவித்தார். அப்பாறையின் வயது சுமார் 188 கோடி ஆண்டுகள் என்று பின்னர் கணிக்கப்பட்டது. இதனால் அறியப்பட்ட உயிரின் வரலாறு ஒரே பாய்ச்சலில் மும்மடங்குக்கு மேல் நீண்டதோடு, எங்கே, எந்தப் பாறையில், எந்தக் கருவியோடு தேட வேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

உயிர் கட்டிய கல்

கன்ஃபிளின்ட் நுண்ணுயிர்கள் பெருமளவில் காணப்பட்டவை ஸ்ட்ரோமட்டோலைட் எனப்படும் அடுக்குப் பாறைகளில். மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து அடுக்கப்பட்டு, குவிமாடமாகவோ கூம்பாகவோ தூணாகவோ எழுந்து நிற்கும் இவ்வகைப் பாறைகள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. இராஜஸ்தானின் உதயப்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் பாஸ்பேட் செறிந்த இத்தகைய பாறைகள் இந்தியாவின் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவே பாதுகாக்கப்படுகின்றன. இவை உயிரால் உண்டானவை என்று ஜெர்மானியப் புவியியலாளர் எர்ன்ஸ்ட் கல்கோவ்ஸ்கி 1908இலேயே வாதிட்டிருந்தபோதிலும், இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்றைக் காட்ட முடியாத வரையில் அவ்வாதம் முழுமை பெறவில்லை.

அந்தக் குறையை ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள ஷார்க் விரிகுடா தீர்த்துவைத்தது. அதன் ஒரு பகுதியான ஹாமெலின் பூல், கடற்புல் வளர்ந்த மேட்டால் திறந்த கடலிலிருந்து ஓரளவு தடுக்கப்பட்டு, ஆவியாதல் மிகுந்து, சாதாரணக் கடல்நீரைப் போல் இருமடங்கு உப்புச் செறிவு கொண்டது. நுண்ணுயிர்ப் படலங்களை மேய்ந்து தின்னும் நத்தை முதலிய உயிரினங்கள் அவ்வுப்பில் தழைக்க இயலாததால், வேறெங்கும் அழிக்கப்பட்டுவிடும் படலங்கள் அங்கே தடையின்றி வளர்கின்றன. அவற்றை வழிநடத்துபவை சயனோபாக்டீரியாக்கள், அதாவது நீலப்பச்சைப் பாசி என்று பரவலாக அழைக்கப்படும், சூரிய ஒளியால் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியிடும் பாக்டீரியாக்கள். இவை சுரக்கும் பிசுபிசுப்பான பொருளில் நீரில் மிதக்கும் மணல்துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒளி மறைக்கப்பட்டதும் உயிரணுக்கள் மேல்நோக்கி நகர்ந்து புதிய படலத்தை அமைக்க, கீழே விடப்பட்ட அடுக்கு சுண்ணாம்பால் இறுகிக் கல்லாகிறது. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நிகழும் இந்த வளர்ச்சி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கும்போது இடுப்பளவு உயரமுள்ள தூண்கள் உருவாகின்றன. 1961இல் பிரையன் லோகன் இதை விரிவாக எழுதிய பிறகு, பழைய பாறைகளில் காணும் அடுக்குகளுக்கு உயிருள்ள மாதிரி ஒன்று கிடைத்தது. 1991 முதல் ஷார்க் விரிகுடா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

பில்பரா வாதம்

இதற்கிடையில் தேடல் மேலும் பழைய பாறைகளை நோக்கி நகர்ந்தது. புவியோட்டின் தட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்று அமிழ்ந்து மறைவதாலும், மலைகள் எழும்போது ஏற்படும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பாறைகள் உருமாறுவதாலும், 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடைய படிவுப்பாறைகள், அதாவது நீரடியில் வண்டல் படிந்து இறுகியவை, பெரிதும் சிதையாமல் எஞ்சியிருப்பது மிகச் சில இடங்களில்தான். அவற்றுள் முதன்மையானவை தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பகுதியும் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள பில்பரா பகுதியுமாகும். பில்பராவில் டிரெசர் என்னும் 348 கோடி ஆண்டு வயதுள்ள பாறைத் தொகுதியில் ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் இருப்பதாக 1980இல் மால்கம் வால்டர், ரோஜர் பியூயிக், ஜான் டன்லப் ஆகியோர் அறிவித்தனர். அதே ஆண்டில் டொனால்ட் லோ என்பவரும் பில்பராவிலிருந்து தனியாக ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

ஆனால் 1994இல் அதே லோ, 320 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவையாகக் கூறப்பட்ட ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் உயிரின் துணையின்றியே உருவாகியிருக்கலாம் என்று எழுதினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வண்டல் விழுதல், கனிமம் வீழ்படிதல் போன்ற எளிய இயற்பியல் நிகழ்வுகளைக் கணித முறையில் இணைத்தாலே அடுக்கடுக்கான குவிமாட வடிவங்கள் தோன்றும் என ஜான் கிராட்சிங்கரும் டேனியல் ரோத்மனும் காட்டினர். வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் உப்புநீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவு உயிரின் உதவியின்றி அடுக்கடுக்காகத் தடித்துப்போவதைக் கண்டவர்க்கு இந்த ஐயத்தின் நியாயம் விளங்கும். அடுக்கும் வளைவும் மட்டுமே உயிருக்குச் சான்றாகா என்பதைத் துறையினர் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த ஐயத்துக்கு ஈடுகொடுத்த ஆய்வை 2006இல் அபிகெய்ல் ஆல்வுட் தம் குழுவினருடன் வெளியிட்டார். பில்பராவின் ஸ்ட்ரெல்லி பூல் என்னும், சுமார் 343 கோடி ஆண்டு வயதுள்ள பாறையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிப்பட்டுள்ள பகுதியை அடியடியாக ஆராய்ந்த அவர்கள், ஏழு வெவ்வேறு வடிவ வகைகளை இனங்கண்டனர். ஆழமற்ற கடலோரத்தில் ஒரு வகையும், அலை மிகுந்த இடத்தில் இன்னொரு வகையுமாக அவை சூழலுக்கு ஏற்ப மாறியதையும், கடல் ஆழமாகி வண்டலும் வெந்நீர்ப் படிவுகளும் பெருகியபோது அவை மறைந்துபோனதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். தனித்தனிக் கற்களை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்று வாதிட்ட காலம் போய், முழுக் கடற்கரையின் சூழலையும் மீட்டெடுத்து அதில் உயிரின் நடத்தையைக் காட்டும் அணுகுமுறை இதனால் வலுப்பெற்றது. டிரெசர் பாறைகளிலும் பின்னர் கூடுதல் சான்றுகள் சேர்ந்தன. 2017இல் தாரா ஜோகிச் குழுவினர் அங்கே நிலத்து வெந்நீர் ஊற்றுகளில் மட்டுமே உண்டாகும் கெய்சரைட் என்ற சிலிக்கா படிவைக் கண்டதால், அன்றைய உயிர் கடலில் மட்டுமன்றி நிலத்து ஊற்றுகளிலும் வாழ்ந்தது என்ற கருத்து வலுப்பெற்றது.

அணுக்களில் எஞ்சிய கணக்கு

வடிவம் மயக்கும் இடத்தில் வேதியியல் துணைக்கு வருகிறது. இயற்கையில் உள்ள கார்பனில் ஏறத்தாழ 98.9 விழுக்காடு கார்பன்-12 என்ற இலகுவான வகை. எஞ்சியதில் ஏறக்குறைய அனைத்தும் ஒரு நியூட்ரான் கூடுதலாகக் கொண்ட கார்பன்-13. ஒரே தனிமத்தின் இத்தகைய வேறுபட்ட எடையுள்ள அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். கார்பன் டை ஆக்சைடை உணவாக மாற்றும் உயிரினங்களின் நொதிகள் இலகுவான கார்பனையே சற்று விரைவாக ஏற்றுக்கொள்வதால், உயிர்ப்பொருளில் கார்பன்-13இன் பங்கு கடல்நீரிலிருந்து படிந்த சுண்ணாம்பில் உள்ளதைவிட இரண்டு முதல் மூன்று விழுக்காடு குறைந்திருக்கும். உயிரணு சிதைந்து வெறும் கரித்துகளாகிவிட்ட பின்பும் அந்த விகிதம் பெரும்பாலும் நிலைக்கிறது. கந்தகத்துக்கும் இதுபோன்ற கணக்கு உண்டு: டிரெசர் பாறையின் கந்தகத் தாதுக்களில் காணப்பட்ட ஐசோடோப்பு வேறுபாட்டைக் கொண்டு, சல்ஃபேட்டைச் சிதைத்து ஆற்றல் பெறும் நுண்ணுயிர்கள் அப்போதே இருந்தன என்று 2001இல் ஒரு குழு வாதிட்டது.

எனினும் இந்தக் கணக்கும் தனித்து நிற்பதில்லை. ஆழ்நிலத்து வெந்நீரில் கார்பன் வாயுக்கள் உலோகத் தாதுக்களின் முன்னிலையில் வினைபுரியும்போதும் இலகுவான கார்பன் மிகுந்த கரிமப் பொருள்கள் உயிரின்றியே உண்டாகக்கூடும். இதன் பொருத்தப்பாட்டை ஏபெக்ஸ் செர்ட் பற்றிய வாதம் வெளிப்படுத்தியது. 1993இல் வில்லியம் ஷாஃப், பில்பராவின் 346 கோடி ஆண்டு வயதுள்ள அந்தப் பாறையில் பதினொரு வகை இழை நுண்ணுயிர்களைக் கண்டதாக அறிவித்து, அவற்றுள் சில சயனோபாக்டீரியாக்களைப் போன்றவை என்றும் கூறினார். உலகின் மிகப் பழைய உயிர் என்று அவை பாடநூல்களிலும் இடம்பெற்றன. 2002இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மார்ட்டின் பிரேசியர், அப்பாறை கடலடி வண்டலன்று, வெந்நீர் பாய்ந்த வெடிப்பில் நிரம்பிய படிவு என்றும், இழைகளாகத் தோன்றுபவை கனிமப் படிகங்களின் ஓரங்களில் ஒதுங்கிய கரியே என்றும் மறுத்தார். ஷாஃப் தரப்பு தனித்தனி இழைகளின் கார்பன் விகிதத்தை அளந்து தம் நிலையை மீண்டும் வலியுறுத்தியது. பிரேசியர் தரப்பு மிக உயர்ந்த உருப்பெருக்கத்தில் அவ்வடிவங்கள் உருமாறிய மைக்கா போன்ற தாதுத் தகடுகளின் அடுக்கு என்று காட்டியது. வாதம் முற்றாக முடியாவிட்டாலும், பாறை எந்தச் சூழலில் உருவானது என்பதை முதலில் நிறுவாமல் வடிவத்தைப் பற்றிப் பேசுவது பயனற்றது என்ற நெறி இதிலிருந்து உறுதிப்பட்டது.

இன்னும் பழைய தடயங்கள்

அந்த நெறி கிரீன்லாந்தில் சோதிக்கப்பட்டது. அதன் தென்மேற்கில் உள்ள இசுவா பகுதியின் பாறைகள் 370 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. 1999இல் மினிக் ரோசிங் அங்கே இலகுவான கார்பன் மிகுந்த நுண்ணிய கிராஃபைட் துகள்களைக் கண்டு, அவை கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் எச்சம் என்று முன்வைத்தார். நீண்டகாலப் பனித்திட்டு ஒன்று உருகியதால் வெளிப்பட்ட பாறையில் 1 முதல் 4 சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் இருப்பதாக 2016இல் ஆலன் நட்மன் குழுவினர் அறிவித்தனர். அதை நேரில் சென்று ஆராய்ந்த ஆல்வுட், அக்கூம்புகளை மற்றொரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது அவை நீண்ட முகடுகளாகத் தெரிவதையும், உள்ளே அடுக்குகள் தெளிவாக இல்லாததையும் சுட்டி, பாறை அழுத்தப்பட்டு நீண்டபோது உண்டான மடிப்புகளே அவை என்று 2018இல் எழுதினார். ஸ்ட்ரெல்லி பூலில் உயிருக்காக வாதிட்டவரே இசுவாவில் அதை மறுத்தது, இரு இடங்களிலும் அவர் பயன்படுத்திய அளவுகோல் ஒன்றே என்பதைக் காட்டுகிறது.

இதற்கும் முந்திய காலத்தைத் தேடுவோர்க்குப் பாறைகள் மிக அரிது. பெரும்பாலும் தனித்தனிப் படிகங்களே துணை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைக்கும் சிர்க்கான் படிகங்களில் மிகப் பழையது சுமார் 440 கோடி ஆண்டு வயதுடையது. அப்படிகங்களில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் அன்றே பூமியின் மேற்பரப்பில் நீர் இருந்ததை உணர்த்துகின்றன. அவற்றுள் 410 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு படிகத்தின் உள்ளே சிக்கிய கிராஃபைட்டில் உயிர்ப்பொருளுக்கு உரிய கார்பன் விகிதம் இருப்பதாக 2015இல் எலிசபெத் பெல் குழுவினர் வெளியிட்டனர். உயிரற்ற வேதிவினையாலும் அந்த விகிதம் தோன்றக்கூடும் என்பதாலும், அது ஒரே ஒரு படிகத்தில் கிடைத்தது என்பதாலும் இது ஒரு சாத்தியக்கூறாகவே கருதப்படுகிறது.

உயிருள்ளவற்றிடம் கேட்கும் வழி

பாறை மௌனமாகும் காலத்தைப் பற்றி இன்று வாழும் உயிரணுக்கள் ஓரளவு பேசுகின்றன. எல்லா உயிர்களும் டி.என்.ஏ.வில் மரபுச் செய்தியைச் சேமித்து, ஏறக்குறைய ஒரே குறியீட்டு முறையால் அதைப் படித்து, ரைபோசோம் என்ற நுண்ணுறுப்பில் புரதங்களைத் தயாரிக்கின்றன. அந்த ரைபோசோமின் ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்ட கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும், பாக்டீரியாக்களைப் போலவே தோன்றினாலும் அவற்றிலிருந்து முற்றிலும் வேறான ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்ப் பிரிவு இருப்பதை 1977இல் கண்டனர். பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் எந்தப் பொது மூதாதையிலிருந்து கிளைத்தனவோ, அதை லூக்கா என்று ஆய்வாளர் அழைக்கின்றனர். அது முதல் உயிரன்று; அதன் காலத்தில் வாழ்ந்த பிற மரபுவழிகள் அற்றுப்போக, எஞ்சிய ஒன்றின் வேர் அது.

2016இல் வில்லியம் மார்ட்டின் குழுவினர் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட புரத மரபணுக்களை வகைப்படுத்தி, லூக்காவுக்கு உரியவையாகக் கருதத்தக்க 355 புரதக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தனர். அவை காட்டும் உயிர், ஆக்சிஜன் இல்லாத வெப்பமான சூழலில் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் இணைத்து ஆற்றல் பெற்ற ஒன்று. கடலடி வெந்நீர்த் துளைகளில் இன்றும் அத்தகைய நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு லூக்காவின் காலத்தைச் சுமார் 420 கோடி ஆண்டுகளுக்கு முன் என்றும், அதனிடம் ஏறத்தாழ 2,600 புரதங்களுக்கான மரபணுக்கள் இருந்தன என்றும் மதிப்பிட்டது. இம்மதிப்பீடு சரியெனில், பூமி குளிர்ந்து கடல் கொண்ட சில பத்துக் கோடி ஆண்டுகளிலேயே உயிர் பெருமளவு சிக்கலடைந்துவிட்டது என்றாகும்.

கோளையே மாற்றிய வினை

நுண்ணுயிர்களின் வினைகளில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கியது ஆக்சிஜனை வெளியிடும் ஒளிச்சேர்க்கை. சூரிய ஒளியைக் கொண்டு நீரைப் பிளக்கும் திறனைச் சயனோபாக்டீரியாக்கள் பெற்ற பின், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலையாகத் தங்கத் தொடங்கியது. அதற்கு முந்திய பாறைகளின் கந்தகத்தில், ஆக்சிஜனற்ற வானில் புறஊதாக் கதிர்களால் மட்டுமே உண்டாகும் தனித்த ஐசோடோப்பு முறை காணப்படுவதையும், பின்னைய பாறைகளில் அது மறைந்துவிடுவதையும் 2000இல் ஜேம்ஸ் ஃபார்குவார் குழுவினர் கண்டது இதற்கு வலுவான சான்று. இம்மாற்றத்தை ஒட்டிய காலத்திலும் அதற்கு முன்பும் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு ஆக்சைடாகிப் படிந்ததால், இரும்பும் சிலிக்காவும் மாறிமாறி அடுக்கிய பட்டை இரும்புப் பாறைகள் உலகெங்கும் தோன்றின. பில்பரா பகுதியிலேயே உள்ள ஹாமர்ஸ்லி மலைத்தொடர் இவற்றுக்குப் பெயர்பெற்றது. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் காந்தத் தாதுப் பாறையும் இவ்வகையைச் சேர்ந்த படிவு பின்னர் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியதே. இன்றைய தாவரங்களின் பசுங்கணிகம், வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த சயனோபாக்டீரியாவின் வழித்தோன்றல் என்பதால், நிலத்தின் பசுமை முழுவதும் அந்தப் பழைய வினையின் தொடர்ச்சியே ஆகும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், 348 முதல் 343 கோடி ஆண்டுகளுக்கு முன் பில்பராவின் கடலோரங்களில் நுண்ணுயிர்ச் சமூகங்கள் வாழ்ந்தன என்பது வடிவம், வேதியியல், சூழல் ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் முடிவு. 370 கோடி ஆண்டு என்பது வலுவான வாய்ப்பு. 410 கோடி என்பது திறந்த கேள்வி. இந்த வேறுபாட்டைக் காத்துநிற்கும் ஒழுங்கு இப்போது பூமிக்கு வெளியேயும் தேவைப்படுகிறது. 2021இல் செவ்வாயின் ஜெசீரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் பாறைகளின் வேதியியலை நுண்ணளவில் வரைபடமாக்கும் பிக்சல் என்ற கருவி உள்ளது. அதற்குப் பொறுப்பேற்ற அறிவியலாளர் ஆல்வுட். 2024இல் அந்த ஊர்தி கண்ட, சிறுத்தையின் புள்ளிகளை ஒத்த வட்டங்கள் கொண்ட களிமண் பாறையில் இரும்பின் பாஸ்பேட்டும் சல்ஃபைடும் கரிமப் பொருளோடு சேர்ந்திருப்பது, பூமியில் நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் வகையை நினைவூட்டுகிறது. ஆயினும் அதை ஆய்ந்தவர்கள் 2025இல் அதை உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது என்ற அளவிலேயே அறிவித்தனர். கிடைத்த தடயத்தை உயிரின்றி உண்டாக்கக்கூடிய வழிகளையெல்லாம் முதலில் எண்ணிப்பார்த்து, அவை ஒவ்வொன்றும் பொய்த்த பிறகே உயிரை ஏற்பது என்பது பில்பராவிலும் கிரீன்லாந்திலும் அரை நூற்றாண்டுக் கால வாதங்களில் உருவான விதி. செவ்வாயின் பாறைக்கும் அந்த விதியே பொருந்தும்.